எண்பத்தாறு ஆம்பியர்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் ஒருநாள் பூதலூருக்கு வந்து செம்மொழியை நேரில் கேட்டுக்கொள்ளலாம். பேயாவது பிசாசாவது என்று ஊரையே கேலி பேசியவள் அவள். பதினோரு வருஷமாக ஆலைகளில் வயரிங் வேலை பார்க்கிறாள். போன பிப்ரவரியில், பட்டப்பகலில், அவளுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

சம்பா அறுவடை நேரம். லியாகத் அலியின் அரிசி ஆலையில் பாலிஷ் மிஷினுக்குப் போகும் கேபிள் சூடாகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஆலைக்கு அவள் போனது அதுதான் முதல் தடவை. கேபிள் வந்து சேரும் பெட்டி பின்சுவர் ஓரமாக இருந்தது. ஸ்விட்ச் ரூம் முன்பக்கம், நூறடிக்கு அப்பால். மிஷின் ஓடும்போதே அளந்துவிட்டுப் போன் பண்ணுகிறேன், அப்புறம் அணைத்தால் போதும் என்று அங்கே இருந்த லியாகத் அலி பாயிடம் சொல்லிவிட்டு வந்தாள். பெட்டியைத் திறந்தாள். டாங் டெஸ்டரின் வாயை விரித்து ஒரு வயரைக் கவ்வ வைத்தாள். செம்பைத் தொடாமலே உள்ளே ஓடும் கரண்டைச் சொல்லிவிடும் கருவி அது. மணி 11.42. எண்பத்தாறு ஆம்பியர்.

போனை எடுக்கப் போனாள். அதற்குள் ஓர் ஆள் வந்து நின்றான். நீலச் சட்டை, ஐம்பது வயதிருக்கும். ஃபியூஸ் கம்பி மாட்டிய பீங்கான் கட்டைகள், மூன்று ஃபியூஸ் கேரியர்களை அவள் கையில் வைத்தான்.

"மூணையும் புடுங்கிட்டேங்க. கை வைங்க."

இந்த வேலையில் அதைவிடப் பெரிய வாக்கு கிடையாது. பிடுங்கியவன் ஃபியூஸைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டால், லைன் செத்துவிட்டது, அதில் கரண்ட் இல்லை என்று அர்த்தம். அப்புறம் யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். மற்ற மிஷின்களின் இரைச்சலில் பாலிஷ் மிஷின் நின்றதா ஓடுகிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை; செம்மொழியும் ஸ்பேனரை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது... கேரியர்கள் ஜில்லென்று இருந்தன.

இப்போதுதான் எண்பத்தாறு ஆம்பியர் ஓடிய ஃபியூஸ். கை சுட வேண்டாமா? இவன் இதை எங்கிருந்து எடுத்து வந்தான்? ஆளை மேலும் கீழும் பார்த்தாள். பத்து நிமிஷம் நின்றதற்கே அவள் தலையெல்லாம் தவிட்டுத் தூசி. அவன் சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

மறுபடி டெஸ்டரை மாட்டினாள். 11.46.

எண்பத்தாறு.

"மீட்டர் கெட்டுப்போச்சுங்க. கை வைங்க."

தடதடதட... மிஷின்கள் போட்ட இரைச்சலில் காதருகே வந்து கத்தினால்தான் கேட்கும். அவன் கத்தவில்லை. முணுமுணுத்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது...

லியாகத் அலிக்குப் போன் போட்டாள்.

"பாய், ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"இல்லையேம்மா. உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

நிமிர்ந்தாள். எதிரே ஆள் இல்லை.

"கை வைங்க..."

குரல் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள்.

யாருமில்லை.

ஓடிவந்த லியாகத் அலி, அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துவிட்டார். அந்த ஆலையில் ஃபியூஸே கிடையாதாம். கட்டிய நாளிலிருந்து ஸ்விட்ச் போலத் தள்ளி அணைக்கும் பிரேக்கர்தானாம், பிடுங்க ஒன்றுமே இல்லையாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராஜ்குமார் என்ற வயர்மேன், அவனும் முதல் தடவையாக வந்தவன், இதே பெட்டியில் கை வைத்துச் செத்துப்போனான். அவன் சட்டைப் பையிலும் மூன்று கேரியர்கள் இருந்தனவாம். யார் கொடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

செம்மொழி அவன் படத்தைக் காட்டச் சொன்னாள். பாய் போனில் தேடி எடுத்து நீட்டினார். செத்தவன்தான் வந்து நின்றான் என்றால்கூட அவள் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். அவள் பார்த்த ஆள் அவன் இல்லை.