அனத்தோலின் சாமந்தித் தொட்டி

அனத்தோல் ஒரு சாமந்தித் தொட்டியை என் காப்பிக்கடை வாசற்படியில் வைத்துவிட்டு நழுவுவதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சகல புனிதர்கள் திருநாள் அன்று, கல்லறைக்குப் போகவேண்டிய பூ அது! உயிரோடு இருப்பவள் வாசலில் அதை வைத்தால் என்ன அர்த்தம்? சீக்கிரம் போய்ச் சேர் என்றுதானே? எங்கள் குருவா-ரூஸ் மேட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"யோவ் அனத்தோல்! நில்லுய்யா! என்னைப் புதைக்க நாள் குறிச்சிட்டியா?"

உள்ளே ஒயின் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கில்ல பெர்னதெத். கை வலிக்குது. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு..."

கை வலிக்காமல் என்ன செய்யும்? காலையிலிருந்து அந்தத் தொட்டியோடு மனுஷன் பேட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். சந்தையில் பாலாடைக்கட்டிக் கடைகளை ஒவ்வொன்றாய் ருசி பார்த்தார். ராட்டினத் திடலில் சுட்ட செஸ்ட்நட் கொட்டையும் புது வெள்ளை ஒயினும் வாங்கிக்கொண்டு, மேட்டு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து கீழே ரோன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரும்புக் குண்டு விளையாடுகிறவர்களுக்கு யோசனை சொன்னார். அவர்களில் ஒருவன், "பூவைக் கொண்டுபோய் வைய்யா, சொலாஞ்ச் அங்க கோவிச்சுக்கப் போறா!" என்று விரட்டினானாம். பார்க்கிறவர்களுக்குக் கொடுத்துவைத்த மனுஷன் என்றுதான் தோன்றும்.

கொடுத்தும் வைக்கவில்லை, ஒன்றும் இல்லை. சொலாஞ்ச் அவர் மனைவி, போன வருடம் போய்விட்டாள். இந்த மேட்டில் ஆயுசு பூராவும் பஸ் ஓட்டினவர் அனத்தோல். கூடையோடு ஓடிவருகிற கிழவிகளுக்காக வண்டியை நிறுத்திவைத்து, அதற்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்கினவர். அப்படிப்பட்டவர் மனைவியின் கல்லறைக்குப் போகாமல் திரிகிறாரே என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"லூதோவிக் வந்திருக்கான். அம்மாகிட்ட நிக்கிறேன், நீயும் வாப்பான்னு போன் பண்ணான்."

லூதோவிக் அவருடைய ஒரே மகன், நாந்த் நகரத்தில் வேலை. "மகன் கூப்பிட்டா சந்தோஷமாப் போறதுக்கென்ன?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் சொலாஞ்சின் கடைசி நாள் சாயங்காலமே நர்ஸ், பிள்ளையை வரச்சொல்லுங்கள் என்றாளாம். இவர்தான், அவள் பிழைத்துக்கொள்வாள், புது வேலையில் இருக்கிறவனை ஏன் பதறவைக்க வேண்டும், விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். விடிவதற்குள் அவள் போய்விட்டாள். மகனிடம், "தூக்கத்துலயே போயிட்டா, யாரையும் கேக்கல" என்று சொல்லிவிட்டார்.

"கேட்டாளா?"

"கேட்டா."

"அடப்பாவி மனுஷா!" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. அடக்கம் முடிந்த அன்று லூதோவிக் இதே மேஜையில், "கடைசி நேரத்துல அம்மாவுக்கு என் ஞாபகமே வரலையாம்" என்று அழுதது எனக்கல்லவா தெரியும்!

"இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் கிளம்பினேன், பெர்னதெத். சொன்னா அவன் அப்புறம் என் மூஞ்சில முழிக்கமாட்டான். எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

"சொல்லலேன்னா, அம்மா நம்மள மறந்துட்டான்னு நெனச்சிக்கிட்டே அவன் சாகணுமா? எழுந்திரு."

கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, தொட்டியை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். என் பின்னால் அவர் காலை இழுத்து இழுத்து வந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது காவலாளி மூடும் மணியை அடித்துக்கொண்டிருந்தார். வெளியே வருகிற கூட்டத்தின் கடைசியில் லூதோவிக் வந்தான். குளிரில் அவன் மூக்கு சிவந்திருந்தது.

"காலையிலேர்ந்து நிக்கிறேன்ப்பா. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

அனத்தோல் தொட்டியை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். நான் அவர் விலாவில் ஒரு இடி இடித்தேன்.

"அம்மா உன்னைத்தான் கேட்டா, லூதோ. நான்தான் உன்னைக் கூப்பிடல. அப்புறம் உங்கிட்டப் பொய் சொன்னேன்."

லூதோவிக்கின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. அடித்துவிடுவானோ என்று எனக்கு பயம். அவன் மதிலைப் பிடித்துக்கொண்டான்.

"என்னன்னு கேட்டா? அவ சொன்னதை அப்படியே சொல்லு."

"வெளிய நர்ஸ் நடக்கிறப்பல்லாம், 'பூட்ஸ் சத்தம் கேக்குதே, லூதோ வந்துட்டானா'ன்னு கேட்டா. ஒவ்வொரு வாட்டியும் நான், 'வந்துக்கிட்டிருக்கான்'னு சொன்னேன். சரின்னு கண்ணை மூடிக்கிட்டா."

லூதோவிக் அப்பாவின் கோட்டை இரண்டு கையாலும் பற்றி உலுக்கினான். "வந்திருப்பேனேப்பா," என்றான். "ராத்திரியோட ராத்திரியா வந்திருப்பேனே." அதையே சொல்லிச் சொல்லி உலுக்கினான். அனத்தோல் தடுக்கவில்லை. காவலாளி கேட்டைப் பூட்டிவிட்டுப் போகும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார். தொட்டி என் கையிலேயே இருந்தது.