சுகந்தி திரும்பிப் போகவே இல்ல

ஏழரை மணிக்கு மேல எங்க வீட்ல குக்கர் விசில் அடிக்கக் கூடாது. அம்மாவோட சட்டம் அது. ஏழு இருபதுக்கே அடுப்பை அணைச்சுடுவாங்க. வெந்த பருப்பு வாசனை ஹால் வரைக்கும் வரும்... நாங்க எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருப்போம். தி.நகர் வீடு. நான் அப்ப காலேஜ்.

ஒரு நாவலை வெச்சு எடுத்த சீரியல். தினமும் டைட்டில்ல நாவல் பேரைப் பெருசா போடுவான். வாரப் பத்திரிகைல அது தொடரா வந்தப்போ, அக்கா வாரா வாரம் பக்கத்தைக் கிழிச்சு சேர்த்து, மயிலாப்பூர்ல ஒரு பைண்டர்கிட்ட குடுத்துத் தைச்சு வெச்சிருந்தா. பச்சை அட்டை. நான் தொட்டதே இல்ல. அதான் டிவில வருதே, எதுக்குப் படிக்கணும்னு திமிர்.

அந்த சமயத்துலதான் அக்கா புருஷன் வீட்லேர்ந்து ஒரு சூட்கேஸோட வந்து நின்னா. மாமா கை நீட்டியிருக்கார். முதல் தடவை இல்ல. கீழ் வீட்ல கேட்டா, "லீவுக்கு வந்திருக்கா"ன்னு அம்மா சொல்லிச் சமாளிச்சாங்க.

சீரியல்லயும் அதே கதைதான்... சுகந்தின்னு ஒருத்தி, அடி தாங்காம புருஷனை விட்டு வந்துடுவா. கடைசி எபிசோட்ல அவன் வாசல்ல மழையில நின்னு அழுவான். சுகந்தி குடையை எடுத்துக்கிட்டு அவன்கூடவே கிளம்பிப் போயிடுவா. அம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. அப்பா அக்காவைப் பார்க்காமலே, பொறுமையா இருந்தா எந்த ஆம்பளையும் திருந்துவான்னார்.

அக்கா என்கிட்ட மட்டும் மெதுவா சொன்னா.

"கதையில அவ திரும்பிப் போகலடி."

நான் பெரிய மேதாவியாச்சே... நாவல் பேரைப் போட்டுத்தானே எடுக்கறாங்க, முடிவையா மாத்துவாங்க, நீ எப்பவோ படிச்சது மறந்திருப்பன்னேன். போயேன், எல்லாம் சரியாயிடும்னும் சொன்னேன். அப்பா பக்கம் ஒரு ஓட்டு கூடிச்சு.

அக்கா எழுந்து போய் புக்கைக் காட்டியிருக்கலாம். காட்டல. இருந்துக்கோன்னு ஒரே ஒருத்தர் சொல்லுவாங்கன்னு அவ எதிர்பார்த்திருக்கா. அது நானா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் முடிஞ்சதும் ஆட்டோ வந்துது. சூட்கேஸைக் கீழ எடுத்துட்டுப் போனது நான்தான். புக்கு எங்க வீட்லயே தங்கிடுச்சு.

இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்பா அம்மா இப்ப இல்ல. போன மாசம் வீட்டை இடிக்கக் குடுக்கறதுக்காகப் பரணை காலி பண்ணினப்போ அந்தப் பச்சை அட்டை கைக்கு வந்துது. தூசியோட அங்கயே உக்காந்து, நேரா கடைசி அத்தியாயத்தைப் பிரிச்சேன்.

சுகந்தி ஒரு ரூம் வாடகைக்கு எடுக்கறா. ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைஞ்சு உலைல போடறா. சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவுத்துட்டு, கதவைத் தாழ் போட்டுத் தூங்கறா. அவ்ளோதான்... மழையும் இல்ல, குடையும் இல்ல.

நாலே பக்கம். பத்து நிமிஷம் கூட ஆகல. அன்னைக்கு அது என் கட்டிலுக்கு மேல ஷெல்ஃப்ல, கைக்கெட்டற தூரத்துலதான் இருந்துது. முடிவை மாத்தினவனைத் திட்டறதா, அவனை நம்பி அக்காவை அனுப்பின என்னைத் திட்டறதா?

இப்ப நான் இதை எழுதற நம்ம குரூப்லயே வாரம் ஒரு தடவை, படம் பெஸ்ட்டா புக் பெஸ்ட்டான்னு சண்டை ஓடுது. ஜாலியாத்தான் போடறீங்க, தெரியும். என்னால அதுல சேர முடியல.

அக்கா இப்ப ஆதம்பாக்கத்துல. மாமா திருந்தல... வயசாகி கை ஓஞ்சுது, வாய் ஓயல.

புக்கைப் படிச்ச அன்னைக்கே அவளுக்கு ஃபோன் பண்ணினேன். அந்தக் கதையைப் படிச்சுட்டேன்கா, நீ சொன்னதுதான் சரின்னேன்.

அக்கா கேட்டா...

"இப்ப எதுக்குடி படிச்ச?"

மாமாவுக்கு டிபன் டைம்னு சொல்லி வெச்சுட்டா.