புஷ்பத்தின் பெரியப்பா

ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்துக்கு எவர்சில்வரைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. குடத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்லிவிடுவார். சொந்த மகள் எந்த செக்‌ஷனில் படிக்கிறாள் என்று கேட்டால்தான் மோட்டுவளையைப் பார்ப்பார்.

திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மெட்ராஸுக்கு வந்து, உழைத்து, சொந்தக் கடை போட்டவர். படிக்காததை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க மயிலாப்பூருக்குப் போன அந்த ஒரு நாள் வரைக்கும். அது 1968, ஜூன் மாதம். தலைமை ஆசிரியை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். சுயம்புலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை, அதனால் சிரித்து வைத்தார். சிரிக்கிற கேள்வி இல்லை போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு தகப்பன் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். கூட வந்திருந்த கடை ஆள் பொன்ராஜ்தான் முந்திக்கொண்டு பதில் சொல்லி, பாரத்தையும் நிரப்பிக் கொடுத்தார். சுயம்புலிங்கம் தமிழில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“இனிமே இந்தப் பக்கத்து வேலையெல்லாம் நீயே பாத்துக்கோ பொன்ராசு. என்னைக் கூப்பிடாத” என்றார்.

பொன்ராஜ் கடையில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறவர். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். உளியைப் பிடித்தாலும் பேனாவைப் பிடித்தாலும் எழுத்து அச்சுப் போல விழும். மாதத்தில் முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பொன்ராஜ் போய்வர ஆரம்பித்தார். முதல் தடவை டீச்சர், “புஷ்பத்தோட அப்பாவா?” என்று கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டாராம். பயந்துகொண்டேதான் வந்து சொன்னார். சுயம்புலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாவ. உனக்கென்ன, எனக்கென்ன.”

அன்றிலிருந்து புஷ்பத்தின் மார்க் அட்டை அவள் பையிலிருந்து நேரே பொன்ராஜின் மேஜைக்குப் போனது. அங்கேயே இங்கிலீஷில் ‘சுயம்புலிங்கம்’ என்று அழகாகக் கையெழுத்தாகி மறுநாள் பள்ளிக்கூடம் திரும்பியது.

இதையெல்லாம் வைத்து அவரை மகள்மேல் பாசமில்லாத மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் கடையில் இருப்பதிலேயே கனமான பாத்திரங்களாகப் பார்த்து நாலைந்து எடுத்து, அவற்றில் ‘தங்கபுஷ்பம்’ என்று முழுப் பேரும் வெட்டச் சொல்லி, வீட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். குடம், அண்டா, தூக்குச்சட்டி, இட்லிப் பானை என்று பரணில் அவள் பேர் ஐம்பது அறுபது இடத்தில் இருந்தது. தகப்பன் கடமை அது என்பது அவர் எண்ணம். படிப்பைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். அதற்குத்தானே பள்ளிக்கூடம்? அவர் மனைவி மீனாட்சிக்கும் அதே நினைப்பு. பள்ளிக்கூடமும் லேசுப்பட்டதில்லை. ‘தகப்பன்’ மாதம் தவறாமல் வருகிறார், தலையாட்டுகிறார், கையெழுத்துப் போடுகிறார், மிச்சத்தை வீடு பார்த்துக்கொள்ளும் என்று அது இருந்துவிட்டது. நடுவில் ஒரு பெண் பிள்ளை தன்பாட்டுக்குக் கணக்கில் பைத்தியமாகிக்கொண்டிருந்தது இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. பாத்திரம் சுற்ற வைத்திருந்த பழைய பேப்பரில் அவள் வட்டமும் முக்கோணமுமாக வரைந்து தள்ளினாள். பேப்பரை வீணாக்குகிறாள் என்று ஒருநாள் சுயம்புலிங்கம் அவளைத் திட்டியதுகூட உண்டு.

எழுபத்தொன்றில் அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். அது ஆனி மாதம், கல்யாண சீசன். கடையில் கால் வைக்க இடமில்லை. ஒரு சம்பந்தி வீட்டுக் கூட்டம் சீர்வரிசைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பொன்ராஜ் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, இந்த வருசம் கணக்குல ரெண்டு வகை இருக்காம். காம்போசிட்னு ஒண்ணு, அது பெருசு. ஜெனரல்னு ஒண்ணு, அது லேசு. டீச்சரம்மா என்ன சொல்லுதாங்கன்னா...”

“எது லேசோ அதைப் போடு.”

“இல்ல அண்ணாச்சி, புஷ்பமும் வந்து...”

“பொட்டப்பிள்ளைக்கு எதுக்குவே கஷ்டம்? லேசானதைப் போட்டுட்டு, அந்த அண்டாவைக் கீழ இறக்கு.”

பொன்ராஜ் அண்டாவை இறக்கினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவே இல்லை. அடுத்த இரண்டு நாள் புஷ்பம் சரியாகச் சாப்பிடவில்லை என்று மீனாட்சி சொன்னதாக ஒரு ஞாபகம். வெயில் சூடாக இருக்கும் என்று சுயம்புலிங்கம் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

எழுபத்து நான்கு ஜனவரி. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தை பிறந்ததும் பொன்ராஜ் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பொங்கலுக்குப் பிறகு தள்ளி வைத்திருந்த இந்த மாதக் கூட்டத்துக்குப் பெற்றோர் கட்டாயம் வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. புஷ்பம் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“நீங்கதான் வரணும்ப்பா” என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். சுயம்புலிங்கத்துக்கே அது தெரிந்தது. தெரிந்ததால்தான் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை வெள்ளை வேட்டி சட்டையில் அவர் போய் இறங்கினார். வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சின்ன பெஞ்சியில் அவரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். புஷ்பம் பக்கத்தில் நின்றாள். வகுப்பாசிரியை பேர் மர்சலின், சாந்தோம்காரர், கணக்கு டீச்சரும் அவர்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இந்தப் பிள்ளைகளோடு வருகிறவர். ஒவ்வொருவராகப் பேசி அனுப்பிவிட்டு இவரிடம் வந்தார்.

“புஷ்பத்துக்கா வந்திருக்கீங்க? அவங்க அப்பா வரலையா? ஒரு மாசம் தவற மாட்டாரே!”

மூன்று வார்த்தை போதும், ‘நான்தான் அவ அப்பா’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் ஐந்தரை வருஷமாக வந்துகொண்டிருந்தது யார்? அத்தனை பேர் காதும் இந்தப் பக்கம்தான் இருந்தது. கோட்டுப் போட்ட அந்த மனிதர் இங்கே எங்கோ உட்கார்ந்திருப்பது போல அவருக்குத் தோன்றியது. முதுகு நனைந்தது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவளும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் ஊருக்குப் போயிருக்கான். நான் வந்து... பெரியப்பா” என்றார் சுயம்புலிங்கம்.

“அப்படியா, நல்லது. உங்க தம்பி ரொம்ப நல்ல மனுஷர். சொல்றதையெல்லாம் எழுதிக்குவார், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனா ஒண்ணு, நீங்க பெரியவங்க, உங்ககிட்ட சொல்லலாம். ஒரு விஷயத்துல அவர் பண்ணினது தப்பு.”

“என்ன தப்பு?”

“எட்டாவதுல இவ கணக்குல தொண்ணூத்தாறு. காம்போசிட் குடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். வீட்ல கேட்டுட்டு வரேன்னு போனவர் ஜெனரல்னு எழுதிக் குடுத்துட்டார். இப்ப பாருங்க, காலேஜ்ல பி.யு.சி. சேரும்போது இவளால கணக்கு குரூப் கேக்கவே முடியாது. இஞ்சினியரிங், பி.எஸ்ஸி. கணக்கு, எதுவும் கிடையாது. அதுக்கு மேல எனக்கும் கேக்கத் தோணலை. பெத்தவங்க முடிவுன்னு விட்டுட்டேன்.”

“இப்ப மாத்த முடியாதாம்மா?”

“மார்ச்சுல பரீட்சை. எப்படிங்க மாத்தறது? சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த பிள்ளைக்காவது யோசிச்சு செய்யச் சொல்லுங்க உங்க தம்பியை.”

“சொல்லுதேன்” என்றார் அவர். அடுத்த பிள்ளை என்று அவர் வீட்டில் யாரும் கிடையாது.

லஸ் முனை பஸ் ஸ்டாப் வரை புஷ்பம் பத்தடி முன்னால் நடந்தாள். சம்பந்தி வீட்டுக் கூட்டத்தையெல்லாம் பேசியே மடக்குகிற மனிதர், பதினாறு வயசுப் பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஊமை மாதிரி நடந்தார். எதிரே ஒரு கடையில் ரோஸ் மில்க் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

“ரோஸ் மில்க் குடிக்கியாம்மா?”

“வேணாம் பெரியப்பா” என்றாள் புஷ்பம்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவருக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் வீட்டில்தான் இருந்தார். பரணில் வரிசையாக இருந்த பாத்திரங்களில் மகள் பேரைத் திரும்பத் திரும்பப் படித்தார். பொன்ராஜ் வந்ததும் கூப்பிட்டுத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சொல்ல வந்தவன் வாயை அடைத்து அண்டாவை இறக்கச் சொன்னது யார் என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

திங்கட்கிழமை கடையைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினார். வாசலில் வாட்ச்மேன் மறித்தான்.

“இன்னா சார், இன்னிக்கு மீட்டிங் ஒண்ணும் இல்லையே. யாராண்ட பேசணும்?”

“மர்சலின் டீச்சரைப் பாக்கணும்.”

“கிளாஸ் நடந்துகினு கீது. அந்தாண்ட குந்து.”

முக்கால் மணி நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். பெல் அடித்து டீச்சர் வெளியே வந்ததும் எழுந்து நின்றார். வரும் வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“நான் பெரியப்பா இல்லம்மா. நான்தான் அவ அப்பன். இத்தனை வருசமா இங்க வந்தது என் கடையில வேலை பாக்குத ஆள். லேசான கணக்கைப் போடச் சொன்னதும் நான்தான். என்ன ஏதுன்னு கேக்காமயே சொன்னேன்.”

மர்சலின் டீச்சர் அவரையே பார்த்தார். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அங்கிருந்த பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார்.

“வந்தவர் ஒரு நாளாவது என்னை ஒரு கேள்வி கேட்டதில்லைங்க. அதைத்தான் நான் நல்ல அப்பான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். கேள்வி கேக்காத பெத்தவங்கன்னா எங்களுக்கும் சௌகரியம்” என்றார். சற்றுப் பொறுத்து, “அவளைக் கூப்பிட்டு, ‘ஏண்டி, உனக்கு எது வேணும்’னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். தெனமும் முன் பெஞ்சியிலதான் உக்காந்திருந்தா” என்றார்.

அடுத்த பெல் அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் புஷ்பம் அரைப் பரீட்சை மார்க் அட்டையோடு கடைக்கு வந்தாள். அன்று காலையில்தான் பொன்ராஜ் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். சனிக்கிழமை நடந்ததைச் சுயம்புலிங்கம் ஒளிக்காமல் அவரிடம் சொல்லியிருந்தார். புஷ்பம் எப்போதும் போல அப்பாவைத் தாண்டிப் பொன்ராஜின் மேஜைக்குப் போய் அட்டையை நீட்டினாள். பொன்ராஜ் பேனாவைத் தொடவில்லை.

“இங்க கொண்டாம்மா” என்று கை நீட்டினார் சுயம்புலிங்கம்.

“பொன்ராஜ் மாமா கையெழுத்துதான் ஸ்கூல்ல தெரியும். மாத்திப் போட்டா டீச்சர் கேப்பாங்க.”

“கேக்க மாட்டாவ. நேத்து நான் போயி டீச்சர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நான்தான் உன் அப்பான்னு சொல்லிட்டு வந்தேன்.”

அவள் மேஜையை விட்டுத் திரும்பி அவர் அருகில் வந்தாள். அட்டையை அவர் கையில் கொடுத்தாள். கடையில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் விலை கேட்டு நின்றார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக மகளின் மார்க்கை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தார். பாடங்களின் பேர் இங்கிலீஷில் இருந்தாலும் எண் எல்லோருக்கும் ஒன்றுதானே. நாலாவது வரியில் அவர் விரல் நின்றது.

“இது எதுலம்மா, நூத்துக்கு நூறு?”

“கணக்குல.”

“நூறா!” அட்டையை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். “நூத்துக்கு நூறு வாங்கிருக்கியேம்மா!”

புஷ்பம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அது லேசான கணக்குதானேப்பா. யாரு போட்டாலும் வரும்” என்றாள்.