இணைக்காத பெட்டிகள்

பல்கலைக்கழகத்தின் நீரியல் துறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அங்கே அவள் ‘மார்ஜின்’. ஆய்வு மாணவியாகச் சேர்ந்த புதிதில், மூத்த மாணவன் ஒருவனுடைய ஆய்வேட்டில் பொருளடக்கம் ஒரு பக்கமும் பக்க எண் இன்னொரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், இழுத்துப் பிடித்துச் சரிசெய்து கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி. யாருடைய கட்டுரை வேர்டில் கலைந்து கிடந்தாலும், “மார்ஜின்கிட்ட குடு, படிய வாரி விட்டுடுவா” என்பார்கள்.

அவளுடைய உண்மையான வேலை குழாய்த் துரு. பழைய குடியிருப்புகளில் மாடி மாடியாக ஏறி, விடிந்ததும் குழாயில் விழும் முதல் தண்ணீரைப் புட்டியில் பிடித்துவந்து, அதில் எவ்வளவு இரும்பு கலந்திருக்கிறது என்று அளப்பாள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க வந்தவள் என்று நினைத்து முகத்திலேயே கதவைச் சாத்தினார்கள். இப்படி மூன்று வருடம் அலைந்து சேர்த்ததை ஒரு கட்டுரையாக எழுதி, தன் ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியரிடம் கொடுத்திருந்தாள்.

அதன் இறுதி வடிவம் அவரிடமிருந்து வந்தது. “மாநாட்டுக்கு அனுப்பணும்மா. செய்தித்தாள் மாதிரி பக்கத்துக்கு ரெண்டு பத்தி, மொத்தம் ஆறு பக்கம். ஒரு வரி கூடினாலும் எடுத்துக்க மாட்டாங்களாம். நீதான் அழகுபடுத்திக் குடுக்கணும்” என்றார்.

கோப்பைத் திறந்தாள். ஆசிரியர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்: பேராசிரியர், துறைத்தலைவர். துறைத்தலைவர் அந்தத் தண்ணீர்ப் புட்டிகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பக்க அமைப்பில் உதவிய மாணவிக்கு நன்றி.’

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, அன்று சாயங்காலம் இதைக் கேட்டதும் கொதித்தாள். “நேராப் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுடி!”

“கேட்டா என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டாரு.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கப் போறியா?”

“யாரு சொன்னா? பக்க அமைப்பில் உதவினேன்னு எழுதியிருக்காருல்ல? உதவப் போறேன்.”

வேர்டில் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரிக்க நேர்வழி ஒன்று உண்டு. அப்படிப் பிரித்தால், நடுவில் ஒரு வரி சேர்த்தாலும் மற்றவை தண்ணீர் மாதிரி அடுத்த பத்திக்கு ஓடும். முதலில் அப்படியே ஒழுங்காகச் செய்து பென் டிரைவில் பத்திரப்படுத்தினாள். பிறகு பேராசிரியருக்கென்று இன்னொன்று செய்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வெற்றுப் பெட்டிகளை வரைந்து, கட்டுரையைத் துண்டுதுண்டாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். ஒரு பெட்டியையும் இன்னொன்றோடு இணைக்கவில்லை. கோடுகளை மறைத்தபின் பார்த்தால் இரண்டு கோப்புக்கும் வித்தியாசம் தெரியாது. தொடாதவரை குறையே இல்லை. ஒரு வரி சேர்த்தால் போதும், அந்தப் பெட்டியின் கடைசி வரி கீழே மூழ்கிவிடும்.

அவர் தொடுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. தன் பழைய கட்டுரைகளைப் பற்றி இரண்டு வரி செருகாமல் அவர் எதையும் அனுப்பியதில்லை. அதுவும் கடைசி நேரத்தில்தான் செருகுவார்.

மாநாட்டின் கெடு மறுநாள் மாலை ஐந்து மணி. நான்கரைக்கு அவர் அறையிலிருந்து சத்தம் வந்தது. கையிலிருந்த தேநீரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

“என்னம்மா இது? ஒரு வரி எழுதினா ஒரு வரி காணாமப் போகுது! அட்டவணையில பாதியைக் காணோம். முடிவுரை பாதி வாக்கியத்துல நிக்குது!”

“தொட்டீங்களா சார்?”

“தொடாம? என் கட்டுரை!”

“உங்க கட்டுரைதான் சார். நான் பக்க அமைப்பு மட்டும்தானே.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். விஷயம் புரிந்துவிட்டது. “சரி, மூணாவது ஆசிரியரா உன்னையும் போடுறேன். சரிபண்ணு.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ரெண்டாவது” என்று அவரே இறங்கி வந்தார்.

“நாயை அவிழ்த்துவிட்டப்ப ரெண்டாவதா யாரு சார் ஓடினா?”

“மிரட்டுறியா? உன் ஆய்வேட்டுல நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு சார். அடுத்து நீங்க அனுப்பப்போற மூணு கட்டுரையையும் நான்தான் அமைச்சுக் குடுத்திருக்கேன். அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.”

அவர் முகம் சுண்டிப்போனது. விசைப்பலகையை அவர் பக்கமாகவே தள்ளி, பென் டிரைவிலிருந்த நல்ல கோப்பைத் திறந்து வைத்தாள். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, அவள் பெயரை முதலாவதாக அவரே அடித்தார். ஓர் எழுத்து விட்டுப்போனது. திருத்தச் சொன்னாள், திருத்தினார். நன்றி வரியை அவளே அழித்தாள். ஐந்துக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கட்டுரை போய்ச் சேர்ந்தது.

“நீ இவ்வளவு மோசமானவளா இருப்பேன்னு நான் நினைக்கவே இல்லை.”

“உங்ககிட்டதானே சார் படிச்சேன்.”

வீட்டில் அக்கா முழுக்கதையையும் இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டாள். “அந்த மத்த மூணும் பெட்டிதானாடி?”

“இல்லக்கா. எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா அது அவருக்குத் தெரியாதே. இனிமே காற்புள்ளி வைக்கக்கூடப் பயப்படுவாரு. என்னைக் கேக்காம ஒரு வரி செருக மாட்டாரு, அவர் ஓய்வு பெறுற வரைக்கும்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது.

“ஏண்டி, என் பயோடேட்டாவையும் நீதானே அடிச்சுக் குடுத்த?”

“ஆமா. ஏன், எனக்கு ஏதாவது குறை வச்சியா நீ?”

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, பயோடேட்டாவைத் திறந்தாள்.