ரோஜா வலையும் ஒரு வாசரும்

விமான எஞ்சினை ரோஜாச் செடி என்று நினைத்த மெக்கானிக் ஓசூர் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி தொரப்பள்ளிப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டப் போகிறாள். மொட்டு சீக்கிரம் விரியாமலிருக்க மாட்டும் வெள்ளை வலைகளில் பழையவை எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். எனக்கு, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் எஞ்சின் வேலை. கழற்றிய திருகெல்லாம் உடனே டப்பாவுக்குள் போய்விட வேண்டும் என்பது அங்கே சட்டம். டப்பாவுக்காகக் குனிந்து நிமிர என் தொப்பை ஒத்துழைப்பதில்லை. ரோஜா வலையில் போட்டு எஞ்சின் மேலேயே தொங்கவிட்டால் என்ன? வீட்டில் திருகுகளைப் போட்டு உதறிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. கண்டுபிடிப்பாளன் ஆகிவிட்டேன்.

திருகுக்கு அடியில் கொடுக்கும் சின்ன வளையமான வாசரைப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து மாட்டும்போது ஒரு வாசர் குறைந்தது. அன்றுதான் ஒரு மாணவி முதன்முறை தனியாகப் பறக்க வேண்டும். வெயில் ஏறிக் காற்று கிளம்பிவிட்டால் விடமாட்டார்கள். அவள் பறப்பதைப் பார்ப்பதற்கென்றே அவள் அப்பா, ராகி விவசாயி, தேன்கனிக்கோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"ஒரு வாசர் தானுங்களே சார். வேற ஒண்ணு போட்டு அனுப்பக் கூடாதுங்களா?"

"வேற போட்டாச்சுங்க. போனது எங்க போச்சுன்னு தெரியாம அனுப்ப மாட்டேன்."

இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வராது. எஞ்சின் மூச்சிழுக்கும்போது காற்று எது, வாசர் எது என்று பார்க்காது. மேலே போனபின் மூச்சு நின்றால் ஓரங்கட்டி நிறுத்த, அது ஜூஜுவாடி நெடுஞ்சாலையும் இல்லை. மாணவி காற்றின் திசை காட்டும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிகட்டியை மறுபடி கழற்றினேன். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் பெட்டியின் மூலையில், வலை தொங்கிய இடத்துக்கு நேர்கீழே, வாசர் சமர்த்தாகப் படுத்திருந்தது. வடிகட்டியைக் கழற்றியதும் அந்தப் பெட்டியை மூடிவைக்க ஒரு சிவப்பு மூடி உண்டு. வலை இருக்கும்போது மூடி எதற்கு என்று மேசைமேல் வைத்திருந்தேன்.

காற்று கிளம்பித் துணி நிமிர்வதற்குள் அவள் பறந்து ஒரு வட்டமடித்து இறங்கிவிட்டாள். அப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் வலையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். என்னைச் சொன்னதை எழுத முடியாது.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, பாதிப் பழியை வலைமேல் போட்டேன். இழுத்தால் கண் விரிகிற வலையும் ஒரு வலையா என்று கேட்டேன். விரலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"மொட்டுக்குப் போடறத மொட்டுக்குப் போடணும்."