பந்த் உடைகிறது

கரை ஒழுகினால் கரையை அடைப்பார்களா, கீழே குடியிருப்பவர்களைக் காலி செய்வார்களா? சாந்தகுமாரி அக்கா இதை என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அக்கா எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸில் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்து வந்தார். ஊர் ஆத்தூர்ப் பக்கம். கல்யாணமான புதிதில் கணவரோடு கட்டட வேலைக்கு டெல்லி வந்தவர். கணவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு வீட்டு வேலைக்கு மாறினார். மகள் உதயாவைப் படிக்க வைத்தார். யாராவது அதிகாரம் செய்தால், "நான் என்ன உங்க வீட்டு மிக்ஸியா, சுவிட்ச் போட்டா சுத்துறதுக்கு?" என்பார். அம்மாவே சிரித்துவிடுவார்.

தெற்கு டெல்லியில் பாறை மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் தடுக்க யாரோ எப்போதோ போட்ட ஒரு மண் கரை உண்டு. அதன் அடியில் தமிழர்களின் ஜுக்கிகள், அதாவது குடிசைகள். அக்காவின் வீடு கரையை ஒட்டிய கடைசி வரிசையில். அங்கே குழாய் கிடையாது. டேங்கர் வந்தால் அடிதடி. ஒரு மழைக்காலத்தில் கரையின் அடியில் தண்ணீர் கசியத் தொடங்கியதும் எல்லோருக்கும் கொண்டாட்டம். ஆடி மாதம் அந்த இடத்தில் ஒரு செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, ஊத்துமாரி என்று பெயர் வைத்துக் கூழ் ஊற்றினார்கள். அக்காவும்தான் குடத்தோடு வரிசையில் நின்றார்.

அடுத்த ஆண்டு அந்தத் தண்ணீர் கலங்கி வந்தது. குடத்தின் அடியில் சேறு தங்கியது. ஓட்டைக்குள் கை நுழைந்தது. மண் வேறு எங்கிருந்து வரும், கரையிலிருந்துதானே என்று அக்கா வீடு வீடாகக் கேட்டார். ஒருவருக்கும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. புகார் கொடுத்தால் ஊற்றை அடைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தக் குடிசைப் பகுதியின் தலைவர், 'பிரதான்' பச்சைமுத்து நேராகவே சொன்னார்.

"ஆத்தா குடுக்கிற தண்ணிய ஆபீஸ்ல போயி கோள் சொல்லுவியா? அப்புறம் டேங்கர்காரனோட நீதான் கட்டி அழணும்."

"கரை வந்து வீட்டுக்குள்ள படுத்துக்கிட்டா, அப்பவும் ஆத்தா குடுத்ததும்பீங்களாண்ணே?"

அக்கா அரசு அலுவலகத்துக்குப் போனார். அவருடைய இந்தி காதால் கற்றது. அணைக்கு இந்தியில் 'பாந்த்'. அக்கா அதைக் குறுக்கி, "பந்த் டூட் ரஹா ஹை, சாப்" என்றார். கடையடைப்பு உடைகிறது என்று அதற்குப் பொருள். மேசைக்குப் பின்னாலிருந்தவர், "கௌன்ஸா பந்த்? ஆஜ் தோ சப் குலா ஹை" என்றார். எந்த பந்த், இன்று எல்லாம் திறந்துதானே இருக்கிறது? அறையே சிரித்தது. அக்கா கையை வளைத்துக் கரை மாதிரி காட்டினார். புரிந்த பிறகும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அந்த இரண்டாவது சிரிப்பை நினைத்துத்தான்.

பிறகு சொன்னார்களாம்: அது அணையே இல்லை. உயரம் போதாது, அணை வரிசையில் சேராது. வெறும் மண்மேடு. அதைச் சோதிக்கவோ பழுது பார்க்கவோ இங்கே யாருக்கும் பொறுப்பு கிடையாது. இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, நிலம் எங்களுடையது, மண் எங்களுடையதல்ல என்றார்கள். அக்கா வேலை வீடுகளில் லீவு சொல்லிவிட்டு மறுபடியும் மறுபடியும் போனார்.

கடைசியில் ஒரு ஜீப் வந்தது. அதில் வந்த அதிகாரி கரைமேல் ஏறவில்லை. ஓட்டையைக் காட்ட அக்கா முன்னால் நடந்தார். அவரோ நின்ற இடத்திலிருந்தே வீடுகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். உதயா படித்துச் சொன்னாள்: அணையின் அடியில் ஆபத்தான இடம், உடனே காலி செய்யவும்.

கவனியுங்கள். பழுது பார்க்கச் சொன்னால் அது மண்மேடு. வீட்டை இடிக்க வேண்டுமென்றால் அது அணை. ஒரே கரைதான்.

புல்டோசர் வந்தபோது அடுத்த மழைக்காலம்கூடத் தொடங்கியிருக்கவில்லை. கரையில் ஒரு கூடை மண் போடவும் யாரும் வரவில்லை. வீடுகள் மட்டும் போயின. நகரத்தின் வெளி எல்லையில், சிலருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது பச்சைமுத்து அக்காவிடம், "இடிச்சது மிசின் இல்ல. உன் வாய்" என்றார். மற்ற யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அதுதான் தாங்கவில்லை என்றார். அங்கிருந்து மோதி பாக் வர மூன்று பஸ் மாற வேண்டும். ஒவ்வொரு வேலையாகப் போயிற்று. எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த அன்று, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீ படிச்ச புள்ள, சொல்லு பாப்பா. ஒழுகினது கரை. எங்கள ஏன் தூக்கிப் போட்டாங்க?"

சென்ற மாதம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஜுக்கிகள் இருந்த இடத்தில் பூங்கா. கரைக்குக் கல் பதித்திருக்கிறார்கள், மேலே நடைபாதை, உட்கார பெஞ்சு. ஓட்டை இருந்த இடம் கெட்டியாக அடைபட்டிருக்கிறது. அப்படியானால் அடைக்கத் தெரியும். அடைக்கவும் முடியும். அக்கா கீழே இருந்தவரை அடைக்கவில்லை, அவ்வளவுதான். இதுதான் அன்று நான் சொல்ல முடியாமல் போன பதில்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத நம் டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்தியிலேயே சொல்லுங்கள். 'பாந்த்' என்று மட்டும் நன்றாக நீட்டிச் சொல்லுங்கள். சிரிப்பதற்கு அந்த ஆபீஸ்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டாம்.