இருபத்தெட்டுக் குரலும் ஒரு பழைய பிராசசரும்

2023 ஜூலை 5, புதன்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து விடாத மழை. ஓட்டில் விழும் சத்தம் மைக்கில் ஏறிவிடக் கூடாதென்று ஜன்னலுக்கு இரண்டு போர்வைகளைக் கட்டியிருந்தேன். அந்த நேரத்தில்தான் என் கம்ப்யூட்டரின் பிராசசர் வேகத்தை 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4-க்கு ஏற்றி முதல்முறையாகப் பாட்டை ஓடவிட்டேன். நான்கு சரணமும் சுத்தமாக ஓடின. கடைசிப் பல்லவி தொடங்கியதும் திரை கறுத்து, பெட்டி தானே அணைந்துவிட்டது.

ஹெட்போன் மாட்டி மைக் முன்னால் நின்றவன் என் மைத்துனன். மனைவியின் தம்பி. வளைகுடாவில் ஏசி வேலை பார்த்துத் திரும்பியவன், எங்கள் சபைக் கொயரில் கீழ்க்குரல் பாடுகிறவன்.

"கரண்டு போச்சா?" என்று கேட்டேன்.

"ஃபேன் சுத்துது அத்தான். போனது உங்க கம்ப்யூட்டராக்கும்."

"எலே, ஒரு நிமிசம் பொறு."

"பொறுக்கலாம். நூறு சிசி வண்டியில நாலு பேர ஏத்திப் பொன்முடி மலை ஏறப் பாக்குதிய. ஆக்ஸிலேட்டர முறுக்கினா மட்டும் ஏறுமா? வண்டிய மாத்தணும்."

எங்களுடையது தமிழ்நாடு-கேரள எல்லையில், பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவிலுள்ள ஒரு பழைய மிஷன் சபை. இங்கே ஆராதனையில் ஒரு வாசகம் தமிழில் என்றால் அடுத்தது மலையாளத்தில். பாட்டும் அப்படியே. ஒரு சரணம் தமிழ், ஒரு சரணம் மலையாளம், கடைசிப் பல்லவியை அவரவர் மொழியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பாடுவது. வெளியூர்க்காரர்களுக்கு அது இரைச்சலாகப் படலாம். எங்களுக்கு அது வந்தால்தான் பாட்டு முடிந்த மாதிரி.

ஆண்டு விழாவுக்கென்று அந்த வருடம் நான் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டிருந்தேன். தமிழ் வரிகள் என்னுடையவை, மலையாள வரிகள் என் மனைவியுடையவை. இரண்டும் ஒரே தாளத்தில் விழ வேண்டுமென்று மேசையில் விரலால் தட்டி எண்ணி எண்ணி எழுதினோம். கொயரில் தமிழ்க் குரல் பதினான்கு, மலையாளக் குரல் பதினான்கு. ஒவ்வொருவராக வீட்டுக்கு வரவழைத்துப் பதிவுசெய்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பாட்டாக்குவது என் திட்டம். கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் கணக்குப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இசைக் கம்ப்யூட்டரைப் படித்தது அறுபத்தைந்து வயதுக்கு மேல், நானாகத்தான்.

சிக்கல் கடைசிப் பல்லவியில் வந்தது. பாடுகிறவர் தன் குரலைத் தாமதமில்லாமல் ஹெட்போனில் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் தாளம் தப்பும். அப்படி உடனுக்குடன் கொடுக்கச் சொன்னால், இரண்டு மொழிக் குரல்களும் சேரும் அந்த இடத்தில் பிராசசர் திணறி, கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் எழுப்பியது. சபைக் கமிட்டிச் செயலாளர் போனில் மரியாதையாகவே சொன்னார்: "சாரே, கடைசிப் பல்லவிய ஏதாவது ஒரு மொழியில வச்சு முடிச்சா மதி. அதும் கழியல்லன்னா டவுண்ல ஸ்டுடியோவுக்குக் குடுத்திரலாம். ரெண்டு ஆழ்ச பாருங்க."

இரண்டு வாரக் கெடு. இதை மனைவியிடம் சொன்னேன்.

"ஒரு மொழின்னா எந்த மொழி?" என்றாள்.

"அது கமிட்டி சொல்லும்."

"கமிட்டி சொல்லாது. உங்ககிட்ட விடுவினும். நீங்க என் வரிய வெட்டுவிய."

"அப்படியொண்ணும் இல்ல."

"பின்ன, உங்க வரிய வெட்டுவியளா?"

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். எந்த வரியும் வெட்டுப்படக் கூடாது என்று அப்போது தீர்மானித்தேன்.

மைத்துனன் ஒரு கடையில் விலை விசாரித்து வந்தான். எட்டுக் கோர் உள்ள புதிய பிராசசர். அது எங்கள் மதர்போர்டில் பொருந்தாது, ஆகவே புதிய போர்டு. அந்தப் போர்டுக்குப் பழைய மெமரி ஆகாது, ஆகவே புதிய மெமரி. ஒரு பல் பிடுங்கப் போனவனுக்குத் தாடையையே மாற்றச் சொன்ன கதை. கூட்டிப் பார்த்தேன்: 31,400 ரூபாய். ஓய்வூதியத்தில் அது முடியாததில்லை. ஆனால் கையிலிருப்பது முழுதாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் புதிதாக வாங்குவது எனக்குப் பழக்கமில்லை.

பெட்டியைத் திறந்தோம். பிராசசரின் சூடு 98 டிகிரி வரை போயிருந்தது. அதன்மேல் இருந்த விசிறி அதனோடு வந்த சின்ன விசிறி. இந்த விஷயத்தில் மைத்துனனின் கைப்பழக்கம் உதவியது. "சூடு வெளிய போக வழியில்லாம ஏத்தினா அணையத்தான் செய்யும் அத்தான். ஏசியும் இங்ஙனத்தான்," என்றான். திருவனந்தபுரம் போய்ப் பெரிய கூலர் ஒன்றும் வெப்பப் பசையும் வாங்கி வந்தேன். நான்கு திருகையும் நானே இறுக்கினேன், அவன் டார்ச் பிடித்தான். 4.4 பேராசை என்று ஒப்புக்கொண்டு 4.2-க்கு இறக்கினேன். சூடு 74-க்கு மேல் ஏறவில்லை. பெட்டி அணையவுமில்லை.

கடுகுச் சத்தம் மட்டும் போகவில்லை. குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

"சொன்னேன்ல்லா," என்றான் மைத்துனன். "கடைக்காரன் திங்கள்கிழம வரைக்கும் எடுத்து வச்சிருப்பான்."

அந்தச் சனிக்கிழமை குளத்தூரிலிருந்து பாட வந்த அம்மா ஒருவர், தன் குரலுக்குக் கோவிலில் பாடும் முழக்கம் போதவில்லை என்று குறை சொன்னார். அறையில் பாடிய குரல் கோவிலில் பாடியதுபோல எதிரொலிக்கக் கம்ப்யூட்டரில் சேர்ப்பதுதான் முழக்கம்; அந்த விவகாரம் பழையது. முதலில் தமிழ்க் குரல்களுக்கு ஒன்று, மலையாளக் குரல்களுக்கு ஒன்று என்று வைத்திருந்தேன். மலையாளப் பக்கம், "எங்க சத்தம் தூரத்துல கேக்குது" என்றார்கள். கூட்டினேன். உடனே தமிழ்ப் பக்கமிருந்தும் குறை வந்தது. எல்லையில் இருக்கிற சபையில் ஒரு பக்கத்துக்குக் கொடுத்து மறுபக்கத்துக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. கடைசியில் இருபத்தெட்டுப் பேருக்கும் தனித்தனி முழக்கம், எல்லாம் ஒரே அளவு, 2.1 விநாடி என்று வைத்தேன். யாரும் வந்து பார்த்துக்கொள்ளலாம். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

குளத்தூர் அம்மாவுக்குக் கொஞ்சம் கூட்டினால் மற்ற இருபத்தேழு பேருக்கும் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து 2.3 என்று மாற்றிக்கொண்டிருந்தேன். சாயா கொண்டுவந்த மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதானே?"

"ஆமா. ஒரே அளவு."

"பின்ன ஒவ்வொண்ணா எதுக்கு மாத்துதிய? எல்லாரும் ஒரே கோவில்லத்தானே பாடுதோம்."

பதினொன்றாவது குரலில் என் கை நின்றது. ஒரே முழக்கத்தை இருபத்தெட்டு முறை அந்தப் பிராசசர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆளுக்கொன்று என்று பங்கு வைத்தவன் நான். எல்லாக் குரலையும் ஒரே முழக்கத்துக்குள் அனுப்பினாலும் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது அதே அளவுதான், நூலளவும் குறையாது. இருபத்தேழை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன். பிராசசரின் சுமை 96 சதவீதத்திலிருந்து 57-க்கு இறங்கியது.

பரிசோதித்துப் பார்க்க 3.6-க்கே திருப்பி ஓட்டினேன். கடைசிப் பல்லவியில் ஓரிடத்தில் இன்னும் வெடித்தது. 4.2-க்கு ஏற்றினேன், நின்றது. இப்படி வேகத்தை ஏற்றிய ஓவர்கிளாக்கும் வீணில்லை. இதை மைத்துனனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மழையோடு மழையாக மைக் முன்னால் நின்று அவன் கடைசிப் பல்லவியைப் பாடினான். அவன் பாடியதும் பதிவு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றாமல் அங்கேயே நின்றான்.

"எங்ஙன மக்கா?"

"ஒண்ணும் வெடிக்கல்ல அத்தான். அக்காவுக்க வரியும் உண்டு, உங்க வரியும் உண்டு." ஹெட்போனைக் கழற்றியபடி, "கடைக்காரன்கிட்ட என்ன சொல்ல?" என்றான்.

"பிராசசர வேற யாருக்காவது வித்திரச் சொல்லு."

விழாவன்று கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு போனபோது நான் எழுந்து நிற்கவில்லை, அப்படி நிற்பது சரியில்லை. ஆனால் செயலாளர் பக்கத்தில் குனிந்து, எந்த ஸ்டுடியோவில் செய்தது என்று கேட்டபோது, என் வீட்டுத் தெற்கு அறையில் என்று அவருக்கும் பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மனைவி அப்போது கடைசிப் பல்லவியைத் தன் வரியில் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

கூலர் 2,150, பசை 240, திருவனந்தபுரம் போய்வர பஸ் 90. ஆக மொத்தம் 2,480 ரூபாய்.